அந்தப் பாடத்தை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்: விலங்கியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிளஸ் டூ வகுப்புக்கு விலங்கியல் எடுக்கும் டீச்சர்களே, சார்களே,

உங்களில் பலரை எனக்குத் தெரியாது. உங்கள் மாணவர்களைத் தெரியும். நீங்கள் வழியனுப்பி வைத்துப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து அவர்கள் என்னிடம் வந்து சேர்கிறார்கள். ஆளாக வருவது குறைவு. பெரும்பாலும் ஒரு சின்ன பாட்டிலுக்குள், அரிசி மணியளவு சதைத் துணுக்காக வருகிறார்கள். நான் ஒரு மாவட்டத் தலைநகரில் பெத்தாலஜிஸ்ட். விந்தணுவே இல்லை என்று தெரியவந்த ஆண்களின் விந்தகத்திலிருந்து எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதிக்கொடுப்பது என் வேலைகளில் ஒன்று.

போன மழைக்காலத்தில் ஒருவர் ரிப்போர்ட்டும் கையுமாக நேரே என் மேசைக்கே வந்துவிட்டார். வயது முப்பத்து நான்கு. 'செர்டோலி செல்கள் மட்டும்' என்று நான் எழுதியிருந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "மேடம், ஏதோ ஒரு செல் இருக்குன்னுதானே போட்டிருக்கீங்க? அப்போ சான்ஸ் இருக்குல்ல?"

எனக்கு உடனே வார்த்தை வரவில்லை. அந்த வரி எவ்வளவு வெறுமையான வரி என்று எனக்குத் தெரியும். அவருக்கு அது ஒரு நம்பிக்கையாகத் தெரிந்திருக்கிறது. என்ன படித்தீர்கள் என்று பேச்சை மாற்றினேன். பயாலஜி குரூப்பாம். நல்ல மார்க்காம். "அந்த ஒரு பாடத்தை மட்டும் டீச்சர் நடத்தல மேடம். வீட்டுல படிச்சுக்கச் சொல்லிட்டாங்க."

இந்த மடலை எழுத வைத்தது அந்த வாக்கியம்தான்.

ஏனென்றால் என் டீச்சரும் அதையே சொன்னார். அரசுப் பள்ளி, தமிழ் வழி. தவளையின் இதயத்தைக் கரும்பலகையில் மூன்று வண்ண சாக்பீஸில் வரைந்து, ரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்று கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல் நடத்தியவர். மனித இனப்பெருக்கம் வந்த அன்று தலைப்பை எழுதினார். கடைசி பெஞ்சில் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினான். பெண்கள் பக்கம் நாங்கள் எல்லோரும் மேசையைப் பார்த்தோம். டீச்சர் புத்தகத்தை மூடினார். "இது ஈஸியான பாடம்தான், வீட்டுல படிச்சுக்கங்க." உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்று நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதிக்கு விலை உண்டு என்று தெரிய நான் மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது. எல்லோரும் மருத்துவக் கல்லூரிக்குப் போவதில்லை.

உங்கள் நெருக்கடி தெரியாமல் எழுதவில்லை. போர்ஷன் முடிய வேண்டும். ரிவிஷன் டெஸ்ட் வரும், நீட் வரும். கணக்கு சார் வந்து "இன்னிக்கு ஒரு பீரியட் மட்டும்" என்று கேட்பார். நீங்கள் வாயைத் திறந்து விந்தகம் என்று சொன்னால் மறுநாள் ஒரு பெற்றோர் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்பார். குறை சொல்ல வரவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் கொஞ்சம் குறையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் நடத்துகிறவர்களும் செர்டோலி செல்லைக் கடந்து போகும் வேகத்தைப் பார்த்திருக்கிறேன். விந்து நுண்குழல்களுக்குள் இருக்கும், விந்தணுக்களுக்கு ஊட்டமளிக்கும், இன்ஹிபின் சுரக்கும். முடிந்தது, ஒரு மார்க். வீட்டு வாசலில் நின்று "உள்ளே ஓர் ஆயா இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவதைப் போன்றது இது. அந்த ஆயா என்ன செய்கிறார் என்று உள்ளே போய்ப் பார்த்தால் உங்கள் மாணவர்கள் பெஞ்சை விட்டு எழ மாட்டார்கள். கணக்கு சாரும் வந்து உட்கார்ந்துவிடுவார்.

1865-இல் இத்தாலியில் என்ரிக்கோ செர்டோலி என்பவர், மனிதனின் விந்து நுண்குழல்களில் கிளை கிளையாகப் பிரிந்த தனி வகை செல்கள் இருக்கின்றன என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது 23. உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அண்ணன் வயதுதான். இதைச் சொல்லித்தான் பாடத்தையே தொடங்கலாம். அவர் பார்த்த செல் குழலின் அடித்தரையில் காலூன்றி, நடுத்துவாரம் வரை உயர்ந்து நிற்கும். வளர்ந்துகொண்டிருக்கும் விந்து செல்கள் அதன் பக்க மடிப்புகளில் புதைந்திருக்கும். கல்யாண வீட்டில் இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்று எல்லார் பிள்ளைகளையும் சுமந்துகொண்டு நிற்கும் ஓர் அத்தை இருப்பாரே, அந்த மாதிரி. ஒரு விந்து செல் அடித்தரையிலிருந்து மேலேறி வால் முளைத்து விடுபட ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. அத்தனை நாளும் அது இந்த அத்தையின் மேல்தான்.

சுமப்பது பெரிய விஷயமில்லை. யாரிடமிருந்து மறைத்துச் சுமக்கிறார் என்பதுதான் கதை.

நம் நோய் எதிர்ப்பு மண்டலம் 'இது நம்முடையது, இது அந்நியம்' என்ற பாடத்தின் பெரும்பகுதியைக் கருவிலும் பச்சிளம் பருவத்திலும் தைமஸ் சுரப்பியில் படித்து முடித்துவிடுகிறது. விந்தணு முதன்முதலில் தலைகாட்டுவது 12, 13 வயதுக்கு மேல். அதன் புரதங்களில் பல உடம்பில் வேறெங்கும் இல்லாதவை. ரேஷன் கார்டில் பெயர் ஏறாத பிள்ளை மாதிரி, சொந்த வீட்டிலேயே அது அந்நியன். இது வெறும் ஊகமல்ல. 1899-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் இலியா மெச்னிகாஃபும் விந்தணுவைப் பிற விலங்குகளுக்குள் செலுத்தினால் அதற்கு எதிர்ப்பொருள் உருவாவதைத் தனித்தனியாகக் கண்டார்கள். அடுத்த ஆண்டே மெட்டல்னிகாஃப், கினி எலி தன் சொந்த இனத்து விந்தணுவுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்குவதைக் காட்டினார். ரத்த வகைகளைக் கண்டுபிடித்த லாண்ட்ஸ்டைனரை நீங்கள் வேறு பாடத்தில் நடத்துகிறீர்கள். அதே மனிதர்தான்.

ஆக, ஒவ்வோர் ஆணின் உடலுக்குள்ளும் பருவமடைந்த நாளிலிருந்து ஒரு சண்டை மூள வேண்டும். மூளுவதில்லை. ஏன்?

முதல் விடை, சுவர். ரத்தத்தில் செலுத்திய சாயம் உடம்பெல்லாம் ஊறினாலும் விந்து நுண்குழலுக்குள் ஏறுவதில்லை என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பார்த்திருந்தார்கள். 1970-இல் மார்ட்டின் டிம், டான் ஃபாசெட் என்ற இருவர் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் காரணத்தைக் கண்டார்கள். அடுத்தடுத்த செர்டோலி செல்கள் பக்கவாட்டில் இறுகத் தைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தத் தையலுக்கான நூல்களில் ஒன்று கிளாடின்-11 என்ற புரதம். அந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய ஆண் எலிகள் மலடாகின்றன. இன்னும் அழகான சங்கதி ஒன்று உண்டு. விந்து செல்கள் தையலுக்குக் கீழே பிறந்து மேலே போக வேண்டியவை. தையலைப் பிரித்தால் ரகசியம் போச்சு. அதனால் செர்டோலி செல்கள் ஏறும் செல்லுக்குக் கீழே புதிதாக ஒரு தையலைப் போட்டு முடித்த பிறகுதான் மேலே உள்ள பழைய தையலைப் பிரிக்கின்றன. பின் கதவைத் தாழிட்ட பிறகே முன் கதவு திறக்கும். இதைக் கரும்பலகையில் மூன்று கட்டமாக வரைந்து காட்டுங்கள். உங்களுக்கே கை பரபரக்கும்.

இரண்டாவது விடை எனக்கு இன்னும் பிடித்தது. சுவர் மட்டும் போதாது என்று வெகுநாளாகவே சந்தேகம் இருந்தது. 2017-இல் கென்னத் டங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். விந்தணுப் புரதங்களில் சில சுவரைத் தாண்டி வெளியே வந்துகொண்டேதான் இருக்கின்றன. செர்டோலி செல்கள் வழியாகவே வருகின்றன. அந்தச் சிறு கசிவைத் தினமும் பார்த்துப் பார்த்து, சண்டையை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பழகிக்கொள்கின்றன. அந்த டி செல்களை எடுத்துவிட்டால் சகிப்புத்தன்மை உடைந்து, கசிந்த புரதத்துக்கு எதிராக உடல் கிளம்புகிறது. 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு ஷிமோன் சகாகுச்சி உள்ளிட்ட மூவருக்குக் கிடைத்ததே, அது இந்த வகை டி செல்களுக்காகத்தான். நோபல் வந்த வாரம் அதைப் பிரேயரில் செய்தியாக வாசித்திருப்பீர்கள். அந்த நோபல் பரிசின் ஒரு துண்டு நீங்கள் தாண்டிப்போன பாடத்துக்குள் கிடக்கிறது.

முழுதாக மறைத்து வைத்த புரதம் ஒருநாள் அடிபட்டு வெளியே வரும்போது உடல் அதை எதிரியாகப் பார்க்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிப் பழக்கிய புரதத்தோடு சமாதானமாக இருக்கிறது. பாடம் நடத்துவதைப் பற்றி நான் சொல்ல வந்ததும் இதுவேதான் என்று உங்களுக்கு இந்நேரம் பிடிபட்டிருக்கும்.

மூன்றாவதாக, இந்த அத்தை துப்புரவுப் பணியும் செய்கிறார். உருவாகும் விந்து செல்களில் பாதிக்கும் மேல் வழியிலேயே செத்துவிடுகின்றன. அவற்றையும், விந்தணுக்கள் கழற்றிப் போட்ட மிச்சத்தையும் செர்டோலி செல்லே விழுங்கிச் செரித்துவிடுகிறது. பிணம் அழுகி நாறினால்தானே காவல்காரர் வருவார்? நாறவே விடுவதில்லை. இதற்கு டைரோ-3, ஆக்ஸல், மெர் என்று மூன்று ஏற்பிகள் உதவுகின்றன. 1999-இல் கிரெக் லெம்கேயின் குழு மூன்றையும் நீக்கிய எலிகளை உருவாக்கியபோது ஆண் எலிகள் மலடாயின. அத்தோடு நிற்கவில்லை. வயதாக ஆக அந்த எலிகளின் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கத் தொடங்கியது. குப்பை அள்ளுவதும் சமாதானம் காப்பதும் ஒரே மரபணுக்களின் கையில் இருக்கின்றன.

இவை போக, டிஜிஎஃப்-பீட்டா போன்ற அமைதிப்படுத்தும் புரதங்களும், ரத்தத்தின் காம்ப்ளிமென்ட் தாக்குதலைத் தடுக்கும் புரதங்களும் செர்டோலி செல்லிலிருந்து சுரக்கின்றன. 1990-களில் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்கு வேறு எலியின் இன்சுலின் சுரக்கும் செல்களை வைத்தபோது, பக்கத்தில் கொஞ்சம் செர்டோலி செல்களையும் சேர்த்து வைத்தார்கள். விந்தகத்திலிருந்து வெகுதூரத்தில், சிறுநீரக உறைக்கு அடியில். அங்கேயும் அந்நிய செல்கள் பிழைத்தன. எந்த ஊருக்குக் கூட்டிப்போனாலும் இந்த அத்தை இருக்கும் வீட்டில் சண்டை வராது போலிருக்கிறது.

"எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏதானே டீச்சர், அப்புறம் எப்படி இது மட்டும் இப்படி?" என்று ஒரு பிள்ளை கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். மரபணு என்பதை 'இருக்கிறதா, இல்லையா' என்று மட்டுமே நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். எப்போது வாசிக்கப்படுகிறது, எங்கே வாசிக்கப்படுகிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல செல் கிடைக்காது. கருவின் ஆறாம், ஏழாம் வாரத்தில் ஒய் குரோமோசோமின் எஸ்ஆர்ஒய் மரபணு விழிக்கிறது. அது சாக்ஸ்-9 என்ற மரபணுவைத் தட்டியெழுப்புகிறது. அந்தத் தட்டலில் உருவாவதுதான் செர்டோலி செல். ஆண் உடலில் முதலில் ஆணாவது இந்த செல். மற்றவை அதைப் பின்பற்றுகின்றன. ஆனதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. 2011-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் வளர்ந்த ஆண் எலியின் செர்டோலி செல்களில் டிஎம்ஆர்டி-1 என்ற ஒரே மரபணுவை நீக்கினார்கள். அந்த செல்கள் கருமுட்டையைச் சூழ்ந்திருக்கும் பெண் செல்களைப்போல மாறத் தொடங்கின. வாழ்நாள் முழுதும் அந்த மரபணு வாசிக்கப்பட்டுக்கொண்டே இருந்தால்தான் செர்டோலி செல் செர்டோலி செல்லாக இருக்கும். இந்த ஒரு சோதனையைச் சொல்லிவிட்டு வகுப்பு எவ்வளவு நேரம் அமைதியாக இருக்கிறது என்று பாருங்கள்.

இனி அந்த முப்பத்து நான்கு வயதுக்காரரிடம் வருகிறேன்.

'செர்டோலி செல்கள் மட்டும்' என்ற நிலையை 1947-இல் அர்ஜென்டினாவில் டெல் காஸ்டியோ முதலானோர் விவரித்தார்கள். குழல் இருக்கிறது. அத்தை இருக்கிறார். இடுப்பிலும் தோளிலும் ஒரு பிள்ளைகூட இல்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் காற்றில் சாய்ந்த நாணல்போல அந்த செல்கள் வெறுமையை நோக்கி நிற்கும். காரணங்கள் பல. ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு உதிர்ந்திருக்கலாம். காரணமே தெரியாமலும் போகலாம். அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். விந்தகத்தின் வேறொரு மூலையில் வேலை செய்யும் குழல் ஒன்றிரண்டு இருக்கவும் கூடும், நுண்ணோக்கி வைத்துத் தேடி எடுக்கும் அறுவை சிகிச்சை உண்டு, சிலருக்குக் கிடைத்திருக்கிறது என்றும் சொன்னேன். பொய் நம்பிக்கை தரவில்லை. பிள்ளை இல்லாத சிலருடைய செர்டோலி செல்கள் முதிராத நிலையிலேயே நின்றுவிடுகின்றன என்று 2020-இல் சீன ஆய்வாளர்கள் ஒவ்வொரு செல்லிலும் வாசிக்கப்படும் மரபணுக்களைத் தனித்தனியே பார்த்துச் சொன்னார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு ஆய்வுக்கூடத்துச் செய்தி மருந்தாகாது.

அவர் போன பிறகுதான் ஃபைலை முழுக்கப் புரட்டினேன். திருமணமாகி ஏழு ஆண்டு. முதல் நான்கு ஆண்டில் அவர் மனைவிக்கு எடுத்த ஸ்கேன்கள், குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே, வயிற்றில் துளையிட்டுப் பார்த்த லேப்ராஸ்கோப்பி. எல்லாம் நார்மல். கோயில் விரதங்கள் ஃபைலில் வராது, ஆனால் இருந்திருக்கும். கணவரின் விந்துப் பரிசோதனை, ஒரு பாட்டிலும் அரை மணி நேரமும் மட்டுமே கேட்கும் பரிசோதனை, ஐந்தாம் ஆண்டில். பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் உண்டு. இது உங்கள் வகுப்பில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? பாடத்தை மூடினீர்களே, அது பையன்களுக்காக மட்டும் மூடிய பாடமில்லை டீச்சர்.

ஃபைலில் இன்னொன்றும் இருந்தது. பதினைந்து வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததாக ஒரு வரி. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு, வேப்பிலை வைத்து, வீட்டிலேயே இருக்க வைத்திருப்பார்கள். நாலைந்து நாள் கழித்துக் கீழே வீங்கி வலித்ததா என்று மருத்துவர் கேட்டதற்கு "ஆமாம், ஆனா யார்ட்டயும் சொல்லல" என்று சொல்லியிருக்கிறார். அவர் நிலைக்கு அந்தக் காய்ச்சல்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பொன்னுக்கு வீங்கி வந்தவர்களில் முழு மலட்டுத்தன்மைக்குப் போகிறவர்கள் அரிது. ஆனால் பருவமடைந்த பிறகு வந்தால் நூறு ஆண்களில் 15 முதல் 30 பேருக்கு விந்தகம் வீங்குகிறது, அவர்களில் பலருக்கு அது பிறகு சுருங்குகிறது. எலிகளில் செய்த ஆய்வுகள் உள்ளே நடப்பதைக் காட்டுகின்றன. அந்த வைரஸ் செர்டோலி செல்லுக்குள் நுழைகிறது. செல் அதை உணர்ந்து, எந்த மரபணுக்களை இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததோ அவற்றைத் திறந்துவிடுகிறது. அபாய மணி அடிக்கும் புரதங்கள் கொட்டுகின்றன. சமாதானம் காத்தவரே காவலைக் கூப்பிட வேண்டிய கட்டாயம். வந்த காவல் விந்து செல்களையும் சேர்த்து அடிக்கிறது.

தமிழ்நாட்டில் அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஊசி இருக்கிறது. பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசியைக் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் பள்ளியிலேயே போட்டது நினைவிருக்கும். வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்து, பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மறுத்தபோது வாசலில் நின்று பேசிப் பேசி ஒத்துக்கொள்ள வைத்தவர்களில் நீங்களும் உண்டு. அந்த வாய்க்கு இருக்கும் பலம் எந்த டாக்டர் வாய்க்கும் இல்லை. அதனால்தான் இந்தப் பாடத்தை நடத்தச் சொல்லி உங்களைக் கேட்கிறேன்.

பதினைந்து வயதில் கீழே வலித்தபோது அந்தப் பையன் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? வெட்கம் என்று சொல்லிவிடலாம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அவனிடம் சொல் இல்லை. அந்த உறுப்புக்கு அவனுக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் சண்டையில் திட்டுவதற்கானவை. விந்தகம் என்ற பெயர் புத்தகத்தில் இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. அம்மாவிடம் 'அங்கே வலிக்குது' என்றால் அம்மா வயிறு என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் வைப்பார். விரை முறுக்கிக்கொண்டு திடீரென்று வலி வந்தால் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் பெரும்பாலும் காப்பாற்ற முடியும். அந்த ஆறு மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் சொல் தேடுவதிலேயே போகிறது என்பதை இரவுப் பணியில் இருக்கும் எந்த சர்ஜனைக் கேட்டாலும் சொல்வார். நீங்கள் வகுப்பில் நாற்பது பேர் முன்னால், தவளையின் இதயத்தைச் சொன்ன அதே குரலில், விந்தகம், விரை, விதைப்பை என்று பத்து முறை சொல்லுங்கள். முதல் இரண்டு முறை சிரிப்பார்கள். மூன்றாவது முறை எழுதிக்கொள்வார்கள்.

ஜிம் விஷயமும் இருக்கிறது. உங்கள் பையன்களில் சிலர் பிளஸ் டூ முடிப்பதற்குள் ஜிம்முக்குப் போகத் தொடங்கிவிடுகிறார்கள். நல்லதுதான். அங்கே யாராவது ஊசி ஒன்றை நீட்டும்வரை. டெஸ்டோஸ்டிரோன் என்றால் ஆண்மை, ஊசி போட்டால் ஆண்மை கூடும் என்பது அவன் கணக்கு. நீங்கள் பின்னூட்டக் கட்டுப்பாடு நடத்தியிருக்கிறீர்கள், ஆனால் இந்தக் கணக்கோடு சேர்த்து நடத்தியிருக்கமாட்டீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை, விந்தகத்துக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்துகிறது. விந்தகத்தில் அந்த ஹார்மோனைச் சுரக்கும் லீடிக் செல்கள் படுத்துவிடுகின்றன. ரத்தத்தில் ஹார்மோன் நிறைய. விந்தகத்துக்குள், ரத்தத்தைவிடப் பல மடங்கு இருக்க வேண்டிய இடத்தில், வறட்சி. அங்கே அந்த ஹார்மோனை வாசித்து மரபணுக்களை இயக்குவது செர்டோலி செல். விந்து செல்களால் அதை நேரடியாக வாசிக்க முடியாது. தையல் இறுகுவதுகூட அந்த ஹார்மோனின் சொல் கேட்டுத்தான். விளைவு, தோள் அகன்றவனின் ரிப்போர்ட்டில் விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு ஆண்களுக்குக் கருத்தடையே செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 1990-இல் வெளியானது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு மாதங்கள் கழித்துத் திரும்புகிறது. ஆனால் கருத்தடை மருந்தை ஆண்மை மருந்து என்று காசு கொடுத்து வாங்கிக் குத்திக்கொள்ளும் பிள்ளையை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அவன்மேல் வருவதில்லை.

இவ்வளவையும் நடத்த முடியாது என்பீர்கள். முடியாதுதான். வைரஸ்கள் இந்த அமைதிப் பகுதியில் எப்படி ஒளிந்துகொள்கின்றன, எபோலாவிலிருந்து பிழைத்த கினி நாட்டுக்காரர் ஒருவரின் விந்தில் 500 நாளுக்குப் பிறகும் வைரஸ் எப்படி இருந்தது, ரத்தப் புற்றுநோய் வந்த சிறுவர்களுக்கு மருந்து எட்டாத இந்த இடத்திலிருந்தே நோய் ஏன் சில நேரம் திரும்பி வருகிறது என்பதையெல்லாம் நானும்தான் சுருக்கிவிட்டேன். நான் கேட்பது இரண்டே பீரியட்.

ஒன்றில், செர்டோலி செல்லைக் கரும்பலகை முழுக்கப் பெரிதாக வரையுங்கள். ஆண் பிள்ளைகளைத் தனியே, பெண் பிள்ளைகளைத் தனியே பிரித்து உட்கார வைக்காதீர்கள். பிரித்த மறுகணமே இது ரகசியம் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டீர்கள். இன்னொன்றில் அவர்களைக் கேட்கவிடுங்கள். வாயால் கேட்கமாட்டார்கள். துண்டுச் சீட்டில் பெயர் எழுதாமல் கேட்கச் சொல்லி ஒரு சாக்பீஸ் டப்பாவில் போடச் சொல்லுங்கள். பாதிச் சீட்டில் குறும்பு இருக்கும், அதைத் தூக்கிப் போடுங்கள். மீதியில் ஒன்றாவது 'எனக்கு ஒரு பக்கம்தான் இருக்கு, பரவாயில்லையா?' என்று இருக்கும். விந்தகம் கீழிறங்காத குழந்தைக்கு ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழக்கம். பதினேழு வயதில் சீட்டில் எழுதிக் கேட்பவன் காலம் தாழ்ந்தவன்தான், ஆனாலும் அவனை ஒரு சர்ஜனிடம் போகச் சொல்ல வேண்டும், அந்த விந்தகத்தில் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அந்தச் சீட்டைப் படிக்கப் போகிற முதல் பெரியவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

பெற்றோர் யாராவது வந்து கேட்டால் இந்த மடலைக் காட்டுங்கள். தலைமையாசிரியர் கேட்டால் பாடநூலைக் காட்டுங்கள். அரசே அச்சிட்டுக் கொடுத்த பாடம்தானே அது. உங்களுக்கே கூச்சமாக இருந்தால், இருக்கும், எனக்கும் முதல் ரிப்போர்ட்டை வாய்விட்டு விளக்கும்போது இருந்தது, என்னைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமை என்றால் வசதி. என் பழைய மைக்ரோஸ்கோப்பையும் இரண்டு ஸ்லைடையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்துவிடுவேன். ஒன்றில் அத்தையின் மேல் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும், மற்றதில் அத்தை மட்டும் இருப்பார். பிள்ளைகள் வரிசையில் நின்று இரண்டையும் பார்க்கட்டும். அந்த பீரியட் கணக்கு சாருக்குப் போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய மாணவி